எட்டு

புந்தா அரேனாஸில் காற்று
ஓடுபாதையைக் குறுக்கே அறுத்துக்கொண்டிருந்தது.
இரண்டு முறை இறங்கப் பார்த்தோம்.
இரண்டாம் முறை சக்கரம் தொடுவதற்குள்
கேப்டன் மன்சில்யா தலையை ஆட்டினார்,
விலை படியாமல் கடையை விட்டு நகர்பவர்போல.

வடக்கே பால்மசேடாவுக்குப் போகச் சொன்னார்கள்.
ஒரு மணி நேரத்துக்கு மேல் வெறும் இருட்டு.
கீழே பனியாறுகள் இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை.
பின்னால் நூற்று நாற்பத்தொரு பேர்,
கைப்பிள்ளை ஒன்று விடாமல் அழுவதாக யஸ்னா வந்து சொன்னாள்.
அன்றைக்கு அது எங்களுக்கு நான்காவது பயணம்,
பதின்மூன்றாவது மணி நேரம்.

களைப்பு என்றால் கொட்டாவி இல்லை.
கொட்டாவி நல்ல பிள்ளை, சொல்லிவிட்டு வரும்.
இது வேறு.
ஒரு முள்ளைப் பார்ப்பேன்,
பார்த்துவிட்டதாக மனசில் குறித்துக்கொள்வேன்,
என்ன காட்டியது என்று கேட்டால் தெரியாது.
கதவு திறந்திருக்கும். கடையில் ஆள் இருக்காது.

கோபுரத்தில் நிவால்டோ ஒயார்ஸோ, தனியாள்.
வீட்டுக்குப் போகக் கிளம்பியவனை
எங்களுக்காகத் திரும்ப உட்காரவைத்திருந்தார்கள்.
காற்றழுத்தம் சொன்னான்:
நுவேவே, ஓச்சோ, த்ரெஸ்.
ஒன்பது, எட்டு, மூன்று.

எட்டு என் காதுக்கு எட்டவில்லை.
முதல் ஒன்பதுக்குப் பக்கத்தில்
இன்னொரு ஒன்பது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது,
பேருந்தில் காலி இருக்கையைக் கண்டவன்போல.
ஒன்பது, ஒன்பது, மூன்று என்று திருப்பிச் சொன்னேன்.
சரி என்றான் நிவால்டோ.
கேப்டன் தன் குமிழைத் திருகினார்,
நான் என்னுடையதை.
இரண்டு உயரமானிகளும் ஒத்துப்போயின.
ஒரே பொய்யை இரண்டு பேர் சொன்னால்
அதற்குச் சாட்சி என்று பெயர்.

பத்தே பத்து அலகு வித்தியாசம்.
அடியில் சொன்னால் ஏறக்குறைய முந்நூறு.
நாங்கள் பறப்பதாக நம்பிய இடத்தில்
ஆளில்லாத காற்று பறந்துகொண்டிருந்தது.

'ஐந்நூறு' என்றது இயந்திரக் குரல்.
பக்கத்து வீட்டுத் தொலைபேசி மணிபோல
யாரோ எடுப்பார்கள் என்று இருந்தேன்.

மேகத்தில் ஒரு கிழிசல்.
அதற்குள் ஓர் ஆட்டுப்பண்ணை விளக்கு.
விளக்கு கீழே இருக்க வேண்டும்.
இது எதிரே இருந்தது.
அதன் வெளிச்சத்தில் வேலி,
வேலியை ஒட்டி முதுகு முதுகாக ஆடுகள்,
அதில் ஒன்று தலையைத் தூக்கியது.

அப்போதுதான் திரையின் அடியில் அந்தச் சின்னப் பச்சை எண்.
அறுநூறு இருக்க வேண்டிய இடத்தில்
முந்நூற்றுப் பத்து.

'ஃப்ருஸ்த்ராதா!'
கத்தினேனா, முனகினேனா, நினைவில்லை.
ஏமாந்துபோனது, வீணானது என்று
அகராதியில் பொருள் இருக்கும் சொல்.
எங்கள் தொழிலில் அதற்கு
மேலே ஏறு என்று பொருள்.
கேப்டனின் கை எனக்கு முன்பே விசையில் இருந்தது.
அவர் என் சொல்லைக் கேட்டாரா, ஆட்டைப் பார்த்தாரா,
இதுவரை நான் கேட்டதில்லை.

சுற்றி வரும்போது நிவால்டோவிடம் அழுத்தத்தை
ஒவ்வோர் எண்ணாகக் கேட்டேன்.
அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான்.
ஓச்சோ என்ற பிறகு
நீண்ட நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
மூன்று பேர் விழித்திருந்தோம் அந்த இரவில்,
மூன்று பேரும் உறங்கினோம்.

இறங்கினோம்.
பேருந்து எப்போது வரும் என்று
ஒருவர் யஸ்னாவிடம் சண்டை பிடித்தார்.
பிள்ளை தூங்கிப்போயிருந்தது.
கேப்டன் வாரை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தார்.
'நீ கண் அசந்தாயா?'
'இல்லை.'
'நானும் இல்லை' என்றார். 'அதுதான் பயமாக இருக்கிறது.'

பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது.
ஒன்பது போட்டேன்.
அடுத்த எண்ணில் பேனா மேல் சுழியைச் சுற்றிக்
கீழே இறங்கியதும் நின்றுவிட்டது.
பார்த்தேன்.
பாதியில் உறங்கிப்போன எட்டுதான்
ஒன்பது.
கீழ்ச் சுழியையும் சுற்றி
மூடினேன்.